ஊர்வலத்தின் இடது ஓரம்

மலேசியாவின் தோட்டக் கோயில் மண்டபங்களில் திருவிழாக் காட்சி என்று தீட்டிவைத்திருக்கும் படங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கின்றன. நடுவில் காவடி, அதன் கீழே சாந்தமான ஒரு முகம், இரு பக்கமும் பால்குடம் ஏந்திய பெண்கள், பின்னால் மேகமில்லாத நீல வானம். தரை என்று ஒன்று இருப்பதில்லை. கயிறு பிடித்து ஓடும் பையன்கள் இல்லை, போக்குவரத்தை நிறுத்தும் ரேலா தொண்டூழியர் இல்லை, தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் குவியும் பிளாஸ்டிக் குவளைகள் இல்லை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் திருவிழா பார்த்து வளர்ந்த எவருக்கும் இது வேறு எங்கோ நடக்கும் விழா என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளூர் ஓவியர் யாராவது கயிற்றையும் கூட்டத்தையும் சேர்த்து வரைந்துவிட்டால், பக்திப் படத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. சாமியை வரை, சண்டையை வரையாதே என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆண்டு முழுவதும் செம்பனைக் குலை வெட்டியவரும், தொழிற்சாலை வேன் பிடித்து இரவு வேலைக்குப் போனவரும் ஒரு நாள் மஞ்சள் உடுத்தி நிமிர்ந்து நடக்கும் நாள் அது. அந்த நாளை அழகாகப் பார்க்க விரும்புவது நியாயம். இருந்தாலும் அழகு என்று நாம் நினைத்து நீக்கும் பொருள்களோடு பக்தியும் சேர்ந்து போய்விடுகிறது என்பதே என் எண்ணம். அதைக் காட்ட நம் ஊரிலிருந்து வெகு தொலைவில் வரையப்பட்ட ஒரு படத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: ரஷ்ய ஓவியர் இல்யா ரேப்பின் 1880 முதல் 1883 வரை உழைத்து முடித்த ‘கூர்ஸ்க் மாநிலத்தில் சிலுவை ஊர்வலம்’.

கூர்ஸ்க் சாலையில்

படம் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 175 செ.மீ., அகலம் 280. ஆளுயரம், ஒருவர் முன்னால் நின்றால் கூட்டம் தன்மேல் நடந்து வருவதுபோலத் தோன்றும் அளவு. கூர்ஸ்க் நகரிலிருந்து கோரென்னயா மடம் வரை ஏறத்தாழ 30 கி.மீ. தூரம் மேரி மாதாவின் ஐகானை, அதாவது வழிபாட்டுக்குரிய திருவுருவப் படத்தை, சுமந்துபோகும் ஊர்வலம், ஈஸ்டருக்குப் பின் வரும் ஒன்பதாம் வெள்ளிக்கிழமை நடந்துவந்தது. அந்த ஐகான் ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்தது என்பது தலபுராணம். மரத்தடியில் ஒரு கல்லை நட்டு முனீஸ்வரர் என்று கும்பிடத் தொடங்கி, பிறகு தகரக் கூரை போட்டு, பிறகு கோபுரம் எழுப்பிய தோட்டக் கோயில்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை.

கூட்டம் பின்புறத்திலிருந்து நம்மை நோக்கிச் சரிந்து வருகிறது. வலது முன்பகுதியில் நாடாக்கள் தொங்கும் பெரிய விளக்குக் கூண்டைக் குடியானவர்கள் தோளில் சுமக்கிறார்கள். அவர்களை அடுத்து இரண்டு பெண்கள் ஐகானின் வெற்றுப் பேழையை அவ்வளவு பயபக்தியோடு தூக்கி வருகிறார்கள். உள்ளே ஐகான் இல்லை. பாடகர்கள், தூபக்கால் வீசும் செம்முடி டீக்கன் என்னும் துணைக் குரு, அவருக்குப் பின்னால் உடுப்பும் உடம்பும் பருத்த ஒரு சீமாட்டி; ஐகான் அவர் கையில் இருக்கிறது. அவரைச் சுற்றி ஊர்ப் பெரிய மனிதர்கள். ஐகான் என்னவோ தொலைவில் மினுங்கும் ஒரு பொன் புள்ளி, அவ்வளவே. ஒரு சமய ஊர்வலப் படத்தில் சாமி இவ்வளவு சிறியதாக இருப்பதைப் பார்த்தவுடன் இது கேலிப் படம் என்று முடிவு கட்டிவிடுபவர்கள் உண்டு. குதிரைமேல் இருந்து கூட்டத்தின்மேல் சவுக்கை ஓங்கும் காவலரைக் கண்டதும் அந்த முடிவு உறுதியாகிவிடும்.

கேலிப் படம் எப்படி இருக்கும் என்பதற்கு அதே காட்சியகத்தில் வேறொரு சான்று இருக்கிறது. இன்னொரு ரஷ்ய ஓவியர் வசீலி பெரோவ் 1861-ல் வரைந்த கிராமத்து ஈஸ்டர் ஊர்வலம். அதில் பாதிரியார் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார், ஒருவர் ஐகானைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பெரோவ் சொல்ல வந்ததை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார்; பார்ப்பவருக்கு அப்புறம் வேலை இல்லை. ரேப்பின் படத்தில் யாரும் குடிக்கவில்லை, ஐகான் நேராகத்தான் இருக்கிறது, ஒவ்வொருவரும் தன் கடமையைச் சரியாகவே செய்கிறார்கள். தடி பிடித்த ஊர்க்காவலரும் தன் கடமையைத்தான் செய்கிறார்.

ஊன்றுகோலும் தடியும்

அந்தக் காவலர் நிற்குமிடம் படத்தின் இடது முன்பகுதி. இந்தப் படத்தைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தாலும் என் கண் திரும்பத் திரும்ப அங்கேதான் போய் நிற்கிறது. கூன் விழுந்த ஓர் இளைஞன், கக்கத்தில் ஊன்றுகோல், ஒரு கால் பயனில்லை. உடம்பு முழுவதையும் முன்னால் எறிந்து நடக்கிறான். அவன் பார்வை கூட்டத்தின் நடுவை நோக்கியது. கந்தல் உடுத்த ஏழைகளும் யாத்திரிகர்களும் அவனோடு ஓரமாக வருகிறார்கள். ஊர்க்காவலர்கள் வரிசை கட்டி இந்த ஓரத்தையும் நடுவையும் பிரித்துவைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன் தடியை நீட்டி இளைஞனை மறிக்கிறார். அடிக்கவில்லை. மறிக்கிறார்.

அமைப்பை மட்டும் பாருங்கள். இளைஞனின் ஊன்றுகோல் ஒரு சாய்கோடு, காவலரின் தடி இன்னொரு சாய்கோடு. இரண்டும் மரம், ஏறத்தாழ ஒரே பருமன். ஒன்று நடக்க முடியாதவனை நடக்கவைக்கிறது, மற்றது நடப்பவனை நிறுத்துகிறது. படத்தில் இத்தனை பேர் இருந்தும் ஐகான் இருக்கும் திசைக்கு உடம்போடும் மனத்தோடும் போகிறவன் இவன் ஒருவன்தான். மற்றவர்கள் ஊர்வலத்தோடு போகிறார்கள். பாடகர்களுக்குப் பாட்டு முக்கியம், சீமாட்டிக்குத் தான் ஐகானைச் சுமப்பது தெரியவேண்டும், காவலருக்கு ஒழுங்கு. அந்தத் தடி இல்லாவிட்டால் இளைஞனின் நடையில் இருக்கும் வேகம் நமக்குத் தெரியாது. எதிர்ப்பு இருந்தால்தான் உந்துதல் கண்ணுக்குப் படும். ஆக, தடியை வரைந்ததால் படத்தில் பக்தி குறையவில்லை. பக்தி எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டுவதே அந்தத் தடிதான். இது பிடிபட்ட பிறகு ‘சாமியை வரை, சண்டையை வரையாதே’ என்பதற்கு என்னால் தலையாட்ட முடியவில்லை.

இந்த இளைஞனுக்கு ரேப்பின் தனியாகப் பயிற்சி ஓவியங்கள் தீட்டினார். 1881-ல் வரைந்த ஒன்று புகழ்பெற்றது. அதில் அவன் முகம் பரிதாபத்துக்குரியதாக இல்லை. கூர்மையான, தன்மானமுள்ள முகம். பரிதாபத்தைத் தூண்ட நினைத்திருந்தால் கண்ணீரோ நீட்டிய கையோ போதும். அவை இரண்டும் இல்லை. நம் ஊரில் இதை முயல்பவர்கள் முதலில் சறுக்கும் இடமும் இதுதான்: ஓரத்தில் நிற்பவரை வரையும்போது உடனே இரக்கத்தை ஏற்றிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் பாட்டி கண்கலங்கி நிற்பார். உண்மையில் அந்தப் பாட்டிக்கு அந்த நேரத்தில் இருக்கும் கவலை வேறு. ரதம் தன் பக்கம் எப்போது திரும்பும், அர்ச்சனைத் தட்டை யாரிடம் கொடுப்பது, பேரன் எங்கே போய்த் தொலைந்தான்.

மரக்கட்டைகள்

வலது பக்கம் குன்றின் சரிவில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ரேப்பின் 1877-ல் தன் சொந்த ஊரான சுகுயெவில் இதே பொருளில் தொடங்கிய முதல் படம் ஓக் காட்டுக்குள் நடக்கும் ஊர்வலம். நிழலும் பச்சையுமாக இருந்தது. கூர்ஸ்க் படத்தில் காடு போய்விட்டது. பண்ணையடிமை முறை 1861-ல் ஒழிந்த பின் நிலம் கைமாறி, காடுகள் வேகமாக வெட்டப்பட்ட காலம் அது. மரத்தின் வேரில் கிடைத்த ஐகான், மரமே இல்லாத சரிவைக் கடந்து போகிறது. ஓவியர் கட்டைகளை வரைந்தார், போதும்.

நம் வட்டாரத்துக்கு இது விளக்கம் தேவைப்படாத காட்சி. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்க, தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கும் துண்டாடல் வந்தது. மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதற்கே அதுதான் காரணம். பிறகு பால்மரம் என்னும் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின, சனம் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போனது, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றது. இன்று திருவிழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் காரில் வருகிறார்கள். செம்பனையில் வேலை செய்யும் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் மண்சடக்கின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். தோட்டத் திருவிழாவின் படத்தில் இவர்கள் வந்தே ஆகவேண்டும் என்பேன். அந்த மண்ணில் அன்றாடம் கால்வைப்பவர்கள் அவர்கள்தாம். செம்பனை மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்ட தண்டுகள் பின்னால் கிடந்தால் அவற்றையும் அப்படியே விட்டுவிடலாம். தள்ளிவைத்து வானத்தால் மூட வேண்டாம்.

எங்கே நிற்பது, எப்போது வரைவது

ரேப்பினைப் பார்த்து நம் ஊர்வலத்தை வரைய நினைப்பவருக்கு முதல் இடைஞ்சல் சூரியன். கூர்ஸ்க் ஏறத்தாழ 52 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஜூன் மாத உச்சிப் பொழுதிலும் சூரியன் 61 பாகை உயரம்தான் ஏறும். ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நிழல் விழும். சுங்கை சிப்புட் 5 பாகைக்கும் சற்றுக் கீழே. பங்குனி உத்திரம் வரும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதுவும் நம் கடிகாரப்படி பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. அந்த நேரத்தில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். கண்குழிகள் கறுத்துவிடும், மூக்கின் நிழல் மேலுதட்டை மூடும், முகங்கள் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். நடுப்பகல் புகைப்படத்தை வைத்து வரைந்த படங்கள் செத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம். காலை பத்து மணிக்குச் சூரியன் சுமார் 40 பாகையில் இருக்கும். நிழல் ஆளைவிடக் கொஞ்சம் நீளம். அந்த நேரம் கூட்டத்தில் முகங்கள் பிரிந்து தெரியும். மாலை ஆறு மணிக்கு 20 பாகை. நிழல் ஆளைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. பூக்குழி இறங்கும் நேரம் பெரும்பாலும் அதுதான், ஆனால் மேற்கே குன்றோ செம்பனையோ இருந்தால் வெளிச்சம் முன்னதாகவே அணைந்துவிடும் என்பதை முன்கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். செம்மண் சடக்காக இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: தரையில் பட்ட வெயில் திரும்பி எழுந்து தாடைக்கு அடியிலும் வேட்டியின் உள்மடிப்பிலும் சிவப்பாக ஒட்டும். இதைப் பிடித்துவிட்டால் வேறெந்த அடையாளமும் இல்லாமலே இது தோட்டத்து மண் என்று படம் சொல்லிவிடும்.

அடுத்தது கண்ணின் உயரம். சமதளத்தில் நின்று பார்த்தால் எதிரே வரும் பெரியவர்களின் தலைகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். பத்தடி தள்ளி வருபவர் தலையும் நூறடி தள்ளி வருபவர் தலையும் அடிவானக் கோட்டின்மேல் வந்துவிடும். கூட்டம் சுவராகிவிடும். லோரியின் பின்தட்டில் ஏறி நின்றால் கண் தரையிலிருந்து 2.7 மீட்டரில் இருக்கும். அப்போது கிட்ட இருப்பவர் தலை கீழே, தூரத்தில் இருப்பவர் தலை அடிவானத்தை நோக்கி மேலே என்று வரிசை வரிசையாக அவிழும். ரேப்பின் அளவுக்கே ஓவியத் துணி எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். முன்வரிசை ஆள் 7 மீட்டர் தொலைவில், துணியில் 60 செ.மீ. உயரம். 14 மீட்டரில் 30, 28 மீட்டரில் 15, 56 மீட்டரில் ஏழரை. அடிவானக் கோட்டைத் துணியின் மேல்விளிம்பிலிருந்து 55 செ.மீ. கீழே வைத்தால், முன்வரிசையின் தலை அந்தக் கோட்டுக்கு 41 செ.மீ. கீழேயும் கால் 101 செ.மீ. கீழேயும் விழும், காலுக்குக் கீழே 19 செ.மீ. சடக்கு மிஞ்சும். 7 மீட்டர் தொலைவில் துணியின் அகலம் ஏழரை மீட்டர் நிலத்தைப் பிடிக்கும். சடக்கும், கயிறும், கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களும் அடங்கிவிடுவார்கள். இன்னும் கிட்டப் போய் அதே அகலத்தைப் பிடிக்க நினைத்தால் பார்வைக் கோணம் 60 பாகையைத் தாண்டி, ஓரத்து ஆட்கள் பக்கவாட்டில் பருத்துப் போவார்கள். ஓரத்து ஆட்கள்தாம் நமக்கு முக்கியம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நடந்துகொண்டே இருக்கும் கூட்டத்தை அங்கேயே வண்ணத்தில் வரைய முடியாது. திருவிழா நாளில் கையளவு நோட்டில் பென்சிலால் மூன்று சங்கதிகளை மட்டும் பிடிக்கலாம்: யார் யாருக்குப் பக்கத்தில் வருகிறார்கள், எங்கே இடைவெளி விழுகிறது, எங்கே கூட்டம் முட்டி நிற்கிறது. அலகுக் காவடி சுழலும்போதும், முதுகில் கொக்கி மாட்டிக் கயிற்றை இழுக்கும்போதும் சுற்றிலும் இடம் வேண்டும். அதற்காகத்தான் பையன்கள் நைலான் கயிறு பிடிக்கிறார்கள். கயிறு இல்லாவிட்டால் குழந்தைகள் நடுவில் புகுந்து காயப்படும். இதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நம் கயிறு கூர்ஸ்க் தடி இல்லை. ஆனால் கட்சிப் பிரமுகருக்கும் நன்கொடை தந்தவருக்கும் கயிறு தாழ்கிறது, தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வந்தவளுக்குத் தாழ்வதில்லை. தோட்டக் காலத்தில் தோட்ட நிர்வாகியான துரைக்கு முதல் மாலை, பிறகு கணக்கெழுதும் கிராணி, பிறகு ஆட்களை மேய்க்கும் கங்காணி என்று ஒரு வரிசை இருந்தது. ஆட்கள் மாறினாலும் வரிசை போகவில்லை. ஓவியர் யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. கயிறு எந்த இடத்தில் தாழ்ந்தது, எந்த இடத்தில் இறுகியது என்று குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

முகங்களைத் திருவிழா முடிந்த பிறகு தனித்தனியே உட்காரவைத்து வரையவேண்டும். ரேப்பின் செய்ததும் அதுதான். மாஸ்கோவுக்கு வடக்கே அப்ராம்செவோ, ஹோத்கோவோ பக்கம் யாத்திரிகர்களைப் பார்த்துப் பார்த்துத் தனி ஓவியங்களாகச் சேர்த்துவைத்தார். உட்காருபவருக்குக் கூலி பேசிக் கொடுத்துவிட வேண்டும். அரை மணிக்கு மேல் ஒருவரை அசையாமல் வைத்திருக்கக் கூடாது. முகம் தளர்ந்து சோகம் தெரியத் தொடங்கும், அந்தச் சோகம் ஊர்வலத்தில் இல்லாதது. முழு அமைப்பையும் 35க்கு 56 செ.மீ. தாளில் முடித்துக்கொண்டால் 7 செ.மீ. கட்டங்களாக 40 கட்டம் வரும். பெரிய துணியில் அதே 40 கட்டம் 35 செ.மீ. ஆகும். சரியாக ஐந்து மடங்கு. ஒரு கட்டத்தில் நிற்பவரின் கால் அடுத்த கட்டத்தில் யார் காலோடு மோதுகிறது என்பதை இந்த நிலையிலேயே தீர்த்துவிட வேண்டும். கூட்டப் படங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் முகத்தில் அல்ல, காலில். தலைகளை வரைந்துகொண்டே போய்விட்டு, கீழே வந்து பார்த்தால் பத்துப் பேருக்குப் பதினான்கு கால் இருக்கும்.

மஞ்சள், கறுப்பு, ஈரம்

கூர்ஸ்க் படத்தின் ஆழம் புழுதியால் வந்தது. தூரத்து உருவங்கள் வெயிலில் கிளம்பிய தூசுக்குள் கரைகின்றன. நம் திருவிழாவில் புழுதி எழுவதில்லை. வெறுங்காலில் வருகிறவர்களுக்காகச் சடக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறார்கள்; முந்தைய நாள் மழை வேறு. நமக்கு ஆழம் தருவது நீராவியும் சாம்பிராணிப் புகையும்தான். புகை இருட்டின் முன்னால் நீலமாகவும், வெளிச்சத்தின் முன்னால் பழுப்பாகவும் தெரியும். செம்பனைக்கு முன்னால் ஒரு நிறம், வானத்துக்கு முன்னால் வேறு நிறம். வெள்ளை வண்ணத்தை மெலிதாகத் தேய்த்துவிட்டால் புகை ஆகிவிடாது, துணி அழுக்கானதுபோல்தான் இருக்கும்.

மஞ்சள் உடைகள் நிறைந்த கூட்டத்தில் எல்லா மஞ்சளையும் முழுப் பலத்தோடு தீட்டினால் கண் எங்கும் நிற்காது. காட்மியம் மஞ்சளை ஒரே ஓர் ஆளுக்கு வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் காவி மஞ்சளில் ஆரம்பிப்பது நல்லது. அந்த ஒருவர் கயிற்றுக்கு வெளியே நிற்பவராக இருக்கலாம். நிழலுக்காக மஞ்சளில் கறுப்பு கலந்தால் பாசி நிறம் வந்துவிடும். ஊதா ஒரு துளி சேர்த்த காவிதான் மஞ்சள் சேலையின் நிழலுக்குப் பொருந்தும். கறுத்த மேனிக்கு எரிந்த சியன்னா என்னும் செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் அடிப்படை. வெளிச்சம் படும் இடத்தை வெள்ளை சேர்த்துத் தூக்கினால் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். கறுத்த தோலில் வியர்வைமேல் படுவது வானத்தின் வெளிச்சம். அது நீலம் சார்ந்த குளிர்ச்சியான சாம்பல். திருநீறு அதைவிட வெளிறி, உலர்ந்து, ஒளி இல்லாமல் இருக்கவேண்டும். இந்த இரண்டு வெளிறலையும் பிரித்துக் காட்ட முடியாத ஓவியர்கள் தம் ஆட்களுக்கெல்லாம் நிறத்தைக் குறைத்துவிடுகிறார்கள். தோட்டத்து மக்களை வெளுப்பாக்கி வரையும் பழக்கத்தில் பாதிக்குக் காரணம் மனம் என்றால் மீதிப் பாதிக்குக் காரணம் இந்தக் கைத்திறன் குறைதான்.

நம் ஈரப்பதம் எண்ணெய் வண்ணத்துக்குப் பகை அல்ல, துணிக்கும் பலகைக்கும்தான் பகை. 175க்கு 280 துணிக்கு மெராந்தி மரச் சட்டம் போதும், குறுக்கே ஒன்றும் நெடுக்கே இரண்டுமாகத் தாங்கு கட்டைகள் வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். விலங்குப் பசை பூசிய துணி இங்கே பூசணம் பிடித்து, ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கி, வண்ணத்தை வெடிக்கவைக்கும். அக்ரிலிக் அடிப்பூச்சு மூன்று முறை, மொத்தம் இரண்டரை லிட்டர் வரை பிடிக்கும். அடிவண்ணத்துக்கு அம்பர் என்னும் மண் பழுப்பு, இரண்டு மூன்று நாளில் உலரும். ஐவரி கறுப்பை அடியில் போடவே கூடாது, எண்ணெய் அதிகம் குடித்து மெதுவாக உலர்வது அது. மேலே போட்டது முதலில் இறுகி, பிறகு விரிசல் விடும். மெலிந்த பூச்சின்மேல்தான் எண்ணெய் மிகுந்த பூச்சு. மழை விட்ட மாலைகளில் விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்தால் ஈசல் வந்து ஈர வண்ணத்தில் ஒட்டும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும். டாமார் பிசின் வார்னிஷை மழை நாளின் காலையில் பூசினால் பால்போல வெளிறிவிடும். வெயில் காய்ந்த நாளின் நண்பகல் தாண்டி, இடி தொடங்குமுன், அறையைச் சாத்திக்கொண்டு பூசலாம்.

மாட்டும்போது மண்டபத்தில் மேடைக்கு மேலே உயரத்தில் ஏற்றிவிடுவார்கள். அதைத் தடுக்கவேண்டும். கீழ்விளிம்பு தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்தால்தான் பார்ப்பவரின் கண் அடிவானக் கோட்டுக்கு வரும். பின்னால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடாவிட்டால் காற்றோட்டம் இல்லாமல் துணியின் முதுகில் பூசணம் பூக்கும். இரண்டரை மீட்டர் தள்ளி நின்று பார்க்க இடம் வேண்டும். நாற்காலிகளை அடுக்கிவைக்கும் மூலையில் மாட்டினால் யாரும் பார்க்கப் போவதில்லை.

மாற்றச் சொன்னால்

படத்தை 10,000 ரூபிளுக்கு வாங்கிய பாவெல் திரெத்தியாகோவ் ரசனை கெட்டவர் இல்லை. அந்தத் தலைமுறை ரஷ்ய ஓவியர்களைத் தாங்கிப் பிடித்தவர், தன் தொகுப்பை 1892-ல் மாஸ்கோ நகரத்துக்கே கொடுத்தவர். அவரே ஒரு திருத்தம் கேட்டார். வெற்றுப் பேழையைச் சுமக்கும் பெண்ணுக்குப் பதிலாக, முகத்தில் பக்தி பொங்கும் அழகான இளம்பெண் ஒருத்தியை வைக்கலாமே என்றார். ரேப்பின் மறுத்துவிட்டார். கூட்டத்தில் இருக்கிற உயிர்ப்பு அந்த ஒரு முகத்தால் கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படம் அப்படியே 1883-ல் நடமாடும் ஓவியர் சங்கத்தின் பதினோராவது கண்காட்சிக்குப் போனது. போற்றியவர்களும் இருந்தார்கள், தூற்றியவர்களும் இருந்தார்கள்.

இங்கும் அதே கோரிக்கை வரும். ஆலய நிர்வாகத்தில் ஒருவர் நடுவில் ஓர் அழகான பெண் பால்குடத்தோடு வரட்டும் என்பார். செலவை ஏற்றவர் தன் தந்தையார் முகம் முன்வரிசையில் இருக்கட்டும் என்பார். கோபப்பட ஒன்றும் இல்லை, பேச்சைத் துணியில் வண்ணம் ஏறிய பிறகு தொடங்கினால்தான் சிக்கல். 35க்கு 56 தாளை முதலிலேயே நிர்வாகக் கூட்டத்தில் விரித்துவைக்கலாம். இடது பக்கத்து மூன்று நெடுவரிசைக் கட்டங்களில், அதாவது கயிறும் கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களும் வரும் பகுதியில், மாற்றம் கிடையாது என்று அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளலாம். தந்தையார் முகம் வேண்டும் என்பவரிடம் அந்தப் பெரியவர் திருவிழாவில் வழக்கமாக எங்கே நடந்தார் என்று கேட்க வேண்டும். உறுமிக்காரருக்குப் பக்கத்தில் நடந்திருந்தால் உறுமிக்குப் பக்கத்தில் வரையலாம். கயிற்றுக்கு உள்ளே மாலையோடு நடந்திருந்தால் மாலையோடு உள்ளே. தண்ணீர்ப் பந்தலில் குனிந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் என்றால் குனிந்தபடியே, கையில் செம்போடு.